எந்த வருஷத்து ஜீப்?

பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, நட்டு போல்ட்டாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி மாட்டி ஓட்டிப் பார்ப்பது ஒரு தனிப் பித்து. கோயில் திருப்பணிக்குக் கிளம்புகிறவரின் பித்தும் இதுவும் ஒரே ஜாதி என்பேன். செலவுக் கணக்கு வீட்டுக்காரம்மாவுக்கு முழுதாகச் சொல்லப்படாது. வேலை எப்போது முடியும் என்று கேட்டால் தை மாதம் என்பார்கள், எந்த வருஷத்துத் தை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பித்து பிரான்சில் ரொம்ப அதிகம். 1944 ஜூன் 6ஆம் தேதி நோர்மாந்தி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கின அல்லவா, வருஷா வருஷம் அந்த நாளை ஒட்டி அங்கே சேந்த்-மேர்-எக்லீஸ், அரொமான்ஷ் போன்ற ஊர்களுக்கு ஜீப்புகள் சாரி சாரியாக வந்து சேரும். கரும்பச்சை பெயிண்ட், பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், பின்னால் ஜெர்ரி கேன், ஓட்டுகிறவர் தலையில் அமெரிக்கச் சிப்பாயின் ஹெல்மெட். திருவிழா மாதிரி இருக்கும். பார்க்க அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற ஜீப்புகளில் கணிசமானவை 1944இல் உலகத்திலேயே இல்லை. 1955க்குப் பிறகு பிரெஞ்சு ராணுவத்துக்காகப் பிரான்சிலேயே செய்யப்பட்டவை அவை. அவை போன யுத்தமும் வேறு. அந்த யுத்தத்தில் எங்கள் புதுச்சேரிக்காரர்களும் இருந்தார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜீப் பிறந்த கதை ஒரு டெண்டர் கதை. சர்வீஸ் பூராவும் டெண்டர் கோப்புகளோடு குப்பை கொட்டியவனுக்கு அதில் ஒரு ருசி இருக்கிறது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டது. நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று வேண்டும், முதல் மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மதித்துப் பதில் போட்டவை இரண்டே கம்பெனி. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரிலிருந்த அமெரிக்கன் பேண்டம் ஒன்று, ஒஹையோவில் டொலீடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லேண்ட் இன்னொன்று. வில்லிஸ் கேட்ட விலை குறைவு, ஆனால் 49 நாள் போதாது என்றது. பேண்டம் முடித்துத் தருகிறேன் என்றது. நொடித்துப் போகிற நிலையில் இருந்த சின்னக் கம்பெனி அது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற எஞ்சினியரை அழைத்து வந்தார்கள். அவர் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23ஆம் தேதி, மாலை 5 மணிக் கெடுவுக்கு அரை மணி மிச்சம் இருக்கையில், மேரிலாண்டின் ஹோலபேர்ட் முகாமில் வண்டி வந்து நின்றது.

அப்புறம் நடந்ததுதான் உலக வழக்கம். சின்னக் கம்பெனியால் பெரிய எண்ணிக்கை செய்து தர முடியாது என்று ராணுவம் பயந்தது. பேண்டத்தின் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. வில்லிஸின் பலம் அதன் இஞ்சின். 2.2 லிட்டர், 60 குதிரை சக்தி, மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது. பலவீனம் எடை. 2,160 பவுண்டு, அதாவது சுமார் 980 கிலோவுக்கு மேல் கூடாது என்று ராணுவம் கறாராகச் சொல்லிவிட்டது. போல்ட்டின் நீளத்தைக் குறைத்து, பெயிண்ட் எத்தனை கை அடிப்பது என்பதுவரை கணக்குப் பார்த்து எடையை இறக்கினார்கள் என்று சொல்வார்கள். கடைசியில் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. அவர்களால் மட்டும் முடியாது என்று அதே வரைபடத்தில் ஃபோர்டும் செய்தது. இரண்டும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல். முதலில் செய்து காட்டிய பேண்டம் ஜீப் மொத்தமே மூவாயிரத்துக்குள்தான். அதற்கு ஆறுதல் பரிசாக ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெயிலர் செய்யும் வேலை கிடைத்தது. பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியவள் ஒருத்தி.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃபோர்டு ஜீப்பின் எந்தச் சாமானும் வில்லிஸில் பொருந்த வேண்டும், வில்லிஸினுடையது ஃபோர்டில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. இரண்டு கம்பெனிகளும் அப்படியே செய்தன. ஃபோர்டு மட்டும் தன் சாமான் எது என்று தெரிய ஒவ்வொன்றிலும் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது, போல்ட் தலையில்கூட. இன்றைக்கு மீட்டெடுக்கிறவர்கள் கையில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இந்த 'எஃப்' இருக்கிறதா என்று தேடுவார்கள். இன்னொரு அடையாளம் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற முன் குறுக்குச் சட்டம். உருளைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், பெட்டி மாதிரி தட்டையாக இருந்தால் ஃபோர்டு.

போர்க்களத்து மெக்கானிக்குக்கு இந்த ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? குண்டு பட்ட வண்டியிலிருந்து இஞ்சினை இறக்கி, கிடங்கில் நிற்கிற வண்டியில் ஏற்றினான். ஆக்ஸில் ஒன்றிலிருந்து, பாடி இன்னொன்றிலிருந்து. 1945இல் ஓடிக்கொண்டிருந்த ஜீப்புகளிலேயே கலப்பில்லாதவை எத்தனை இருந்திருக்கும் என்பது சந்தேகம். அரை அங்குல ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் இருந்தால் பாதி வண்டியைப் பிரித்துவிடலாம் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். எண்பது வருஷம் கழித்தும் வீட்டுக் கொட்டகையில் ஒருத்தர் இதைத் தனியாகப் பிரித்து மாட்ட முடிகிறதென்றால் அதற்கு இந்த எளிமைதான் காரணம்.

யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சு ராணுவத்திடம் ஏராளமான அமெரிக்க ஜீப்புகள் தங்கிவிட்டன. பாரீஸை ஒட்டிய லா மல்தூர்னே என்ற இடத்தில் ராணுவப் பணிமனை ஒன்று இருந்தது. தேய்ந்துபோன ஜீப்புகளை அங்கே கொண்டுபோய் முழுக்கப் பிரித்து, சாமான்களை வகை வகையாகக் குவித்து, குவியலிலிருந்து எடுத்து மறுபடி வண்டியாகச் சேர்த்தார்கள். உள்ளே போன ஜீப்பே வெளியே வராது. வில்லிஸ் சட்டத்தில் ஃபோர்டு பாடி உட்கார்ந்து வரும்.

எத்தனை நாளைக்கு அமெரிக்கன் வண்டியிலேயே ஓட்டுவது என்று பிரெஞ்சுக்காரருக்கு ரோஷம் வந்தது. தெலாய் என்ற பெயர்பெற்ற கார் கம்பெனியிடம் சொந்த ஜீப் செய்யச் சொன்னார்கள். 1951 முதல் 1954 வரை சுமார் பத்தாயிரம் வண்டிகள் வந்தன. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், கமான் பட்டைக்குப் பதில் முறுக்குக் கம்பி, இஞ்சின் ஆயிலுக்குத் தனித் தொட்டி என்று வண்டி நிறையப் புத்திசாலித்தனம். சிப்பாய் கையில் அது தாங்கவில்லை. ரிப்பேருக்குப் படித்தவன் வேண்டியிருந்தது. விலையும் அதிகம். ராணுவம் கையைச் சுட்டுக்கொண்டு பழைய வில்லிஸுக்கே திரும்பியது. ஒச்கிஸ் கம்பெனி வில்லிஸிடம் லைசென்ஸ் வாங்கி, ஏறக்குறைய அதே 1940களின் ஜீப்பை 1955இலிருந்து 1966 வரை செய்தது. எம்-201 என்று பெயர். மொத்தம் 27 ஆயிரத்துச் சொச்சம். சட்டத்தைக் கொஞ்சம் பலப்படுத்தினார்கள். பிற்பாடு 6 வோல்ட்டுக்குப் பதில் 24 வோல்ட் மின்சாரம் வைத்தார்கள். மற்றபடி பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அசல் வில்லிஸ்தான்.

அந்த எம்-201 போன இடம் அல்ஜீரியா.

1954 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் ஊரின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு மாறியது. புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே தேதியில், அதே விடியற்காலையில்தான் அல்ஜீரியாவில் சுதந்திரப் போரின் முதல் குண்டுகள் வெடித்தன. இங்கே காகிதத்தில் முடிந்தது அங்கே எட்டு வருஷம் ரத்தத்தில் நடந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர்களை 'சொல்தா' என்போம். இந்தோசீனாவிலிருந்து திரும்பிய சொல்தாக்கள் பலர் நேரே அல்ஜீரியாவுக்குக் கப்பலேறினார்கள்.

என் தாய்மாமா அப்படி ஏறியவர். சைகோனில் டிரைவராக இருந்து, பிறகு கொன்ஸ்தாந்தீன் பக்கத்து மலைகளில் ஜீப் ஓட்டியவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகு அவர் அல்ஜீரியாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஜீப்பைப் பற்றி மட்டும் பேசுவார். அதுவும் மெக்கானிக் விஷயங்கள். "இடது பக்கச் சக்கரத்து நட்டுக்கு மரை உல்டாடா, தம்பி. தெரியாதவன் பலம் போட்டால் ஸ்டட் முறியும்." "இரண்டாவது கியருக்கு மாற்றுகிறபோது அவசரப்படக் கூடாது, பல்லு போயிரும்." "பெட்ரோல் டேங்க் டிரைவர் ஆசனத்துக்கு அடியிலேயே இருக்கும். கண்ணிவெடி மேலே ஏறினால் யார் முதலில் போவான்னு பார்த்துக்கோ." இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் போக மாட்டார். சுருட்டைப் பற்ற வைத்துக்கொள்வார்.

அவர் ஜீப்போடு நிற்கிற படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கூரையில்லாத ஜீப், மடக்கிவிட்ட முன் கண்ணாடி, நம்பர்ப் பலகையின் ஓரத்தில் சின்ன மூவர்ணக் கொடி. படத்தின் பின்னால் பிரெஞ்சில் வருஷம் மட்டும் எழுதியிருக்கிறார்: 1958. ஊர்ப் பெயர் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் பிரான்சில் இருக்கிற மாமாவின் பேரன் நோர்மாந்தி விழாவுக்குப் போய்விட்டு ஒரு ஜீப்பின் படம் அனுப்பினான். என்னையும் மாமா என்றுதான் கூப்பிடுவான். "தாத்தா படத்தில் இருக்கிற அதே ஜீப் மாதிரி இருக்குது, மாமா" என்றான். வண்டி நட்சத்திரமும் ஹெல்மெட்டுமாக ஜோடித்து நின்றது. டேஷ்போர்டில் வில்லிஸ் தகடு. 24 வோல்ட்டா என்று கேட்டுப் பார் என்றேன். கேட்டிருக்கிறான். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம்: ஒச்கிஸ்தான், 1950களின் கடைசியில் செய்தது, ராணுவம் கழித்துவிட்ட பிறகு அரசுச் சொத்து ஏலத்தில் வாங்கியது. பழைய தகட்டைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார். வில்லிஸ் தகடு புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்கி ஒட்டினார். அவர் ஒன்றும் ஏமாற்றுக்காரர் இல்லை. கேட்டதும் சொல்லிவிட்டாரே. அல்ஜீரியா ஜீப்பாக வைத்துக்கொண்டால் அதை எந்த விழாவுக்கு ஓட்டிப் போவது என்று அவர் திருப்பிக் கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

அந்த யுத்தத்தை யுத்தம் என்று சொல்லவே பிரான்சுக்கு 37 வருஷம் பிடித்தது. சர்க்கார் காகிதங்களில் அது 'வட ஆப்பிரிக்க நடவடிக்கைகள்'தான். 1999 அக்டோபரில் சட்டம் போட்டுத்தான் 'அல்ஜீரியப் போர்' என்ற பெயர் வந்தது. மாமா அதற்குள் போய்விட்டார். ஆளுக்கே பெயர் கொடுக்காத யுத்தத்தில் வண்டிக்கு மட்டும் எங்கிருந்து பெயர் வரும்? அதனால் வண்டிகள் 1944க்குக் குடிபெயர்ந்துவிட்டன. எனக்கு இதில் கோபம் இல்லை, மனத்தாங்கல் உண்டு.

இந்தியாவில் ஜீப் வந்த வழி வேறு. யுத்தம் முடிந்தபோது இங்கேயும் ராணுவங்கள் விட்டுப்போன ஜீப்புகள் குவிந்து கிடந்தன. 'டிஸ்போசல் ஜீப்' என்று ஏலத்தில் போயின. எஸ்டேட் முதலாளிகளும் காண்டிராக்டர்களும் வாங்கினார்கள். அப்புறம் 1948இல் அந்தப் பிரசித்தமான ஜீப் விவகாரம். லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காகச் செப்பனிட்ட பழைய ஜீப்புகள் வாங்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155தான். பார்லிமெண்டில் வருஷக்கணக்கில் சத்தம். 1955இல் உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த் விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரே பழைய ஜீப்பைப் புதுசாக்கி விற்பதைப் பற்றியது என்பது பலருக்கு மறந்திருக்கும்.

ஜீப்பை இங்கே நிலைநிறுத்தியது மகிந்திரா. 1945இல் லூதியானாவில் 'மகிந்திரா அண்ட் முகம்மது' என்று ஆரம்பித்த கம்பெனி. பிரிவினையில் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே முதல் நிதி மந்திரியாகவும் பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் இங்கே கம்பெனிப் பெயர் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பெட்டியில் வந்த சாமான்களிலிருந்து பூட்ட ஆரம்பித்து, பின்னால் இங்கேயே செய்தார்கள். நம் தலைமுறை பார்த்த ஜீப் பெரும்பாலும் சி.ஜே.-3பி என்ற வகை. 1953இல் அமெரிக்காவில் வந்தது. இஞ்சின் அளவு அதே 2.2 லிட்டர்தான், ஆனால் உள்ளே விடும் வால்வுகளைத் தலைக்கு மேலே கொண்டுபோனதால் இஞ்சின் உயரமாகிவிட்டது. பானெட்டும் தூக்கிக்கொண்டது. அதுதான் நெற்றி உயர்ந்த அந்த முகம். ஸ்டியரிங் மட்டும் நம் நாட்டுக்காக வலது பக்கம். பி.டி.ஓ. ஜீப், போலீஸ் ஜீப், வனத்துறை ஜீப், தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் எல்லாம் இந்த முகம்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஐம்பது வயதுத் தம்பி ஒருவர் அப்படி ஒரு சி.ஜே.-3பியை மூன்று வருஷமாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். 1960களின் நடுவில் செய்த வண்டி. திண்டிவனம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கோழி அடைந்துகொண்டிருந்ததை விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் தினமும் சாயங்கால நடையில் அங்கே ஒரு அரை மணி நின்றுவிட்டுத்தான் வருவது.

வேலை நடக்கிற முறையைச் சொன்னால் இந்தப் பித்தின் ஆழம் புரியும். முதல் மூன்று மாதம் ஸ்பானருக்கு வேலையே இல்லை. துருப்பிடித்த போல்ட்டுகளுக்குத் தினமும் டீசலும் மண்ணெண்ணெயும் விட்டு ஊறப் போட்டார். நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதி உள்ளே வைத்தார். ரெக்கார்டு ரூம் மாதிரி ஒழுங்கு. பாடி ஒன்றும் சட்டம் ஒன்றுமாகப் பிரிந்தபோதுதான் வியாதி தெரிந்தது. தரைத் தகட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிற இடங்களெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்ந்தன. டிங்கர் வைத்து அந்தப் பாகங்களை வெட்டியெடுத்து, அதே கனத்தில் தகடு வாங்கி வளைத்துப் பற்ற வைத்தார்கள். பெட்ரோல் டேங்கைப் பற்ற வைக்கிறதற்கு முன் கழுவிக் கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பினார்கள். வெறும் டேங்க் என்று நெருப்புக் காட்டிக் கை, முகம் போனவர்கள் கதை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. கமான் பட்டைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தேய்த்து, புது புஷ் போட்டுச் சேர்த்தார்கள். முன் சக்கரத்து கிங் பின் பேரிங் மட்டும் இரண்டு மாதம் அலைய வைத்தது.

இடது பக்கச் சக்கர நட்டை அவர் கழற்றப்போன அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். "தம்பி, மரை உல்டாவா இருக்கும், பாருங்க" என்றேன். ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்த்தார். "ஆமாய்யா, எப்படித் தெரியும்?" என்றார். மாமாவைப் பற்றிச் சொன்னேன்.

பெயிண்ட் சுரண்டும்போதுதான் எங்களுக்குள் ஒரு விவாதம் வந்தது. மேலே சூளைக்காரர் அடித்த சிவப்பு. அதன் அடியில் ஒரு நீலம். நீலத்துக்கு அடியில் சாம்பல். சாம்பல் நிறத்தின்மேல் கதவுக்குப் பின்பக்கத் தகட்டில் வெள்ளை எழுத்து, தேய்ந்து, 'புதுச்சேரி அரசு' என்பது மட்டும் படிக்க முடிந்தது. கீழே துறையின் பெயர் இருந்த இடம் துருவில் போய்விட்டது. என் கை தானாக அதைத் தடவிப் பார்த்தது. என் சர்வீஸில் இப்படி எத்தனை வண்டிகளின் லாக் புக்கை நான் சரிபார்த்திருப்பேன்! கிளம்பிய கிலோமீட்டர், சேர்ந்த கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர், அதிகாரி கையெழுத்து. வயதாகி, ரிப்பேர்ச் செலவு வண்டி மதிப்பைத் தாண்டினால் கமிட்டி வந்து பார்த்துக் 'கண்டம்' என்று எழுதும். ஏலம் போகும். லாக் புக் கொஞ்ச வருஷம் அலமாரியில் இருந்துவிட்டு, அழிக்க வேண்டிய கோப்புகளோடு போய்விடும். வண்டி போகிற ஊர் ஒன்று, அதன் சரித்திரம் போகிற ஊர் வேறு.

தம்பியின் எண்ணம் வண்டியை 1944 வில்லிஸ் மாதிரி பச்சையடித்து நட்சத்திரம் போடுவது. இன்டர்நெட்டில் பார்த்த ஆசை. இன்னொரு யோசனையும் இருந்தது: 1980களில் யாரோ பெட்ரோல் இஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியிருந்தார்கள், அதைத் தூக்கிவிட்டு அசல் பெட்ரோல் இஞ்சின் தேடிப் போடுவது. அந்த டீசல் இஞ்சின் எது என்று பார்த்தால், பிரான்சின் பீஜோ கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி மகிந்திரா இங்கே செய்தது! வில்லிஸ் ஜீப்பைப் பிரெஞ்சுக்காரர் செய்தார்கள், பிரெஞ்சு இஞ்சினை ஜீப்புக்காக நாம் செய்தோம். எங்கள் ஊர் வண்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

இஞ்சின் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. செய்தபோது எது இருந்ததோ அதைப் போடுவது முறைதான். நட்சத்திரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, இந்த வண்டி 1944இல் இல்லை. நோர்மாந்திக்குப் போகவில்லை. பாகூருக்கும் மண்ணாடிப்பட்டுக்கும் போயிருக்கும். வெள்ளத்தில் அரிசி மூட்டை ஏற்றியிருக்கும், எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் பெட்டி ஏற்றியிருக்கும். அது செய்த வேலை அதுதானே?" என்றேன். அவர் யோசித்தார். "சாம்பல் கலர் யாருக்கு அய்யா பிடிக்கும்? பசங்க கேலி பண்ணுவாங்க" என்றார். அவர் பணம், அவர் வண்டி, அவர் முதுகுவலி. அதற்குமேல் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: எந்தக் கலர் அடித்தாலும் சரி, சுரண்டுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வைக்க வேண்டும், எடுத்துப் போட்ட சாமானுக்குப் பட்டியல் வேண்டும்.

அதற்கு ஒரு நீளமான நோட்டு வாங்கி நானே கோடு போட்டுக் கொடுத்தேன். தேதி, கழற்றிய சாமான், இருந்த நிலை, மாற்றியது, எங்கே வாங்கியது, குறிப்பு. கையெழுத்துக்கு ஒரு கட்டம். இன்றைய தேதியில் 41 பக்கம் வந்திருக்கிறது. படங்களை ஒட்டியிருக்கிறோம். சூளைக்காரரிடம் போனில் பேசி, அவருக்கு முன்னால் வண்டி யாரிடம் இருந்தது, எந்த வருஷம் ஏலத்தில் எடுத்தது என்பதையும் எழுதியாகிவிட்டது. அரசு ஏலம் 1979இல் நடந்திருக்கிறது. அதற்கு முந்தின பக்கங்களை நிரப்ப, பழைய டிரைவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் வில்லியனூரில் இருப்பதாகத் தகவல், 88 வயது, காது கொஞ்சம் மந்தம்.

கடைசியில் தம்பி சாம்பலுக்கும் போகவில்லை, நட்சத்திரத்துக்கும் போகவில்லை. மகிந்திராவின் பழைய விளம்பரம் ஒன்றில் பார்த்த வெளிர் பச்சை அடித்துவிட்டார். 'புதுச்சேரி அரசு' என்று எழுத்திருந்த தகட்டைத் துரு உதிர்ந்த அளவுக்கு வெட்டியெடுத்து, வார்னிஷ் அடித்து, என்னிடம் கொடுத்தார். மாமாவின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். பெட்ரோல் இஞ்சின் திருச்சிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்து, இப்போது லேத்துக்குப் போயிருக்கிறது. இறக்கிய பீஜோ டீசலைச் சூளைக்காரரே திரும்ப வாங்கிக்கொண்டார். அது அவர் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது.